உப்புக்கொத்தியின் இறக்கை நீளம்

ஏப்ரல் மாதத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்குள் நடந்து போவது சுகமான விஷயம் ஐயா. காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடக்கும். கரையிலிருந்து அதுவரைக்கும் வெறும் தரை. கொஞ்சம் கோரை, கொஞ்சம் கூழாங்கல், மீதியெல்லாம் காய்ந்து வெடித்த சேறு. முதல் தடவை வருகிறவர்களுக்கு இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். பெயர் சண்முகசுந்தரம். வயது நாற்பத்தேழு. ஆவடி சேக்காட்டில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு ஷாஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லேத்திலிருந்து இறங்குகிற ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளப்பேன். சரியாக இருந்தால் பச்சைப் பெயின்ட், இல்லையென்றால் சிவப்பு. என் சிநேகிதன் தேவராஜ் அங்கே டர்னர். அத்தனை வருஷத்தில் அவன் கடைந்த ஜாப்பில் நான் சிவப்பு வைத்தது மூன்றே தடவைதான். மூன்று தடவையும் அவனே எடுத்துவந்து, "இது தேறாது மாமே, வுட்ரு" என்று என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன். அவன் எப்படிப்பட்ட ஆள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பறவை பார்க்கிற பழக்கம் எனக்கு வந்ததே அவனால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பட்டு ஏரியில் தூண்டில் போடுவான். கூடப் போய் உட்கார்ந்திருப்பேன். மீன் கடிக்கிறவரை எனக்கு வேலை இல்லை. பறவைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மூர் மார்க்கெட்டில் பழைய பைனாகுலர் ஒன்று கிடைத்தது. அப்புறம் புத்தகங்கள். இரண்டு வருஷத்தில் அவன் தூண்டிலை விட்டுவிட்டு என்கூட நடக்க ஆரம்பித்தான். எனக்குப் புத்தகம் தெரியும், அவனுக்குக் கண் இருந்தது. முந்நூறு அடி தள்ளி மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கிற பறவையை வெறும் கண்ணால் காட்டுவான்.

இப்போது ஒன்றைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

பட்டாணி உப்புக்கொத்தி என்று ஒரு பறவை. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், மார்பில் கறுப்புப் பட்டை. கூடென்று எதுவும் கட்டாது. ஏரித் தரையில் காலால் சின்னக் குழி பறித்து நான்கு முட்டை வைக்கும். இதில் நம் பக்கம் இரண்டு உள்ளினங்கள் உண்டு. ஒன்று நாட்டு இனம். வருஷம் முழுக்க இங்கேயே இருந்து, கோடையில் இங்கேயே முட்டையிடும். இன்னொன்று வரவு இனம். வடக்கே, சைபீரியா வரைக்கும் உள்ள நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வரும். ஏப்ரல் முடிவதற்குள் திரும்பிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நாட்டு இனம் சின்னது. அதன் இறக்கை நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். வரவு இனத்துக்கு அதற்கு மேலே போகும்.

ஆகவே வரவு இனம் செம்பரம்பாக்கத்தில் முட்டையிடுகிறது என்று ஒருவன் நிரூபித்தால், அந்த இனத்தின் இனப்பெருக்க எல்லை ஆயிரக்கணக்கான மைல் தெற்கே இறங்கிவிடும். புத்தகங்களில் உள்ள படத்தை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். போடுகிறபோது கீழே அவன் பெயர் இருக்கும்.

எண்பத்தாறில் கம்பெனியை மூடிவிட்டார்கள். தேவராஜுக்கு மூன்று மாதத்தில் திருமழிசை எஸ்டேட்டில் வேலை கிடைத்தது. லேத் ஓட்டுகிறவனுக்கு எங்கேயும் வேலை உண்டு. அளந்து பார்க்கிறவன் யாருக்கு வேண்டும்? என் மனைவி வசந்தகுமாரி எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் காலர் தைக்கப் போனாள். நான் தினமும் ஏழு மணிக்கு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவேன். தெருவில் பார்க்கிறவர்கள் வேலைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஏரிக்குள் உட்கார்ந்து பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவேன். ஐந்து மணிக்குத் திரும்புவேன். இப்படி ஒரு வருஷம். வசந்தகுமாரி ஒரு வார்த்தை கேட்டதில்லை. டிபன் பாக்ஸில் சோறு மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

எண்பத்தேழு ஏப்ரல் கடைசியில் அந்தக் கூட்டைப் பார்த்தேன். முட்டைமேல் உட்கார்ந்திருந்த பறவை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. தேவராஜ் நைலான் நரம்பில் கண்ணி செய்துகொண்டு வந்தான். பறவை சிக்கியது. அவன் பிடித்துக்கொள்ள, நான் இறக்கையை விரித்து வெர்னியர் வைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவன் படித்துவிட்டான்.

"நூத்திப் பத்து பாயிண்ட் நாலு. நம்ம ஊருது தான் மாமே."

பறவையை விட்டுவிட்டோம். நான் வீட்டுக்கு வந்து நோட்டில் நூற்றுப் பதினேழு புள்ளி ஆறு என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இறக்கையை அளப்பது ஷாஃப்டை அளப்பது போல இல்லை ஐயா. இயல்பான வளைவோடு அளந்தால் ஒரு அளவு வரும். தட்டையாக அழுத்தி நீவி அளந்தால் இரண்டு மூன்று கூடும். இறகு நுனி தேய்ந்திருந்தால் அதற்கு இரண்டு சேர்க்கலாம். அவன் பிடித்திருந்த கை கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதற்கு ஒன்றிரண்டு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான திருத்தம்தான். நான் எதையும் இட்டுக்கட்டவில்லை.

வெளியூரில் ஒரு பறவையாளர் சங்கம் இருந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் நடத்துகிற பத்திரிகைக்கு ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, ஒரு போட்டோவும் வைத்து அனுப்பினேன். எண்பத்தெட்டு ஜனவரியில் அச்சில் வந்தது. கூடவே ஒரு கடிதம். உறையின்மேல் என் பெயருக்குப் பின்னால் பறவை ஆய்வாளர் என்று டைப் அடித்திருந்தார்கள். தபால்காரர் அதைத் தெருவில் நின்று உரக்கப் படித்தார். வசந்தகுமாரி அந்த உறையைப் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வந்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த முருகர் படத்தருகே வைத்தாள். அன்று அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஏப்ரலில் இரண்டாவது கடிதம் வந்தது. அதே இடத்தில் இந்த வருஷமும் கூடு இருந்தால் நேரில் பார்க்க மே இரண்டாம் வாரம் ஒருவர் வருவார். எல்லாம் சரியாக இருந்தால் கடற்கரைப் பக்கம் குளிர்காலத்தில் அவர்கள் நடத்துகிற பறவை முகாமில் எனக்குச் சம்பளத்தோடு வேலை. கூட இருந்து பார்த்த இரண்டாவது நபரின் கையெழுத்தும் வேண்டும்.

கூடு இருந்தது. பழைய இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி. இரண்டாவது நபரும் இருந்தான். திருமழிசையில் தேவராஜின் கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடையில், கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நீட்டினேன். அவனுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் எண் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னா மாமே இது, நூத்திப் பதினேழு போட்டுக்கீறே?"

"திருத்தம் சேர்த்தது."

"இன்னா திருத்தம்? நானும்தானே பாத்தேன். நூத்திப் பத்து."

நான் விளக்கினேன். தட்டையாக நீவுவது, நுனி தேய்மானம், எல்லாம் சொன்னேன். டீ ஆறுகிற வரைக்கும் கேட்டான்.

"பெசகாப் பூட்ச்சினு நாமளே ஒரு லெட்டர் போட்ருவோம். நானும் கையெழுத்து போட்றேன். இன்னா இப்போ, தலையா பூடும்?"

"வேலை போய்விடும்."

"வேல நான் பாத்துத் தரேன். எங்க கம்பெனி ஸ்டோர்ஸ்ல ஆள் கேட்டுகினு கீறாங்க. பறவ இங்கத்திது, அவ்ளோதான். அதுல இன்னா கேவலம்?"

அவன் என் தோளில் கை வைத்தான்.

"கோச்சிக்காதே மாமே. அந்த ஆளு வந்து கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவேன். அளவுல எனக்கு மாத்திச் சொல்ல வராது."

அவன் கோபமாகப் பேசவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தான். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

வீடு வந்து சேரும்வரை சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தேன். ஸ்டோர்ஸ் வேலைக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போயிருக்கலாம். ஆனால் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்த உறையை யார் எடுப்பது? வசந்தகுமாரியிடம் போய், நாம் காட்டியதெல்லாம் தப்பு, அது சாதாரண நாட்டுப் பறவை, நானும் சாதாரண ஆள்தான் என்று எந்த வாயால் சொல்வது? அவன் சொல்லச் சொன்னது ஏழு மில்லிமீட்டரை மட்டுமில்லை. அது அவனுக்குப் புரியவில்லை. நான் அவனைக் குறை சொல்லவில்லை.

மே ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மே தினமும் சேர்ந்துகொண்டது. ஏரியில் சவுடு மண் அள்ளுகிற லாரி ஒன்றும் வரவில்லை. நான் ஆறரைக்கே போய், கூட்டிலிருந்து முப்பது தப்படி தள்ளி, பழைய காவிப் புடவையை நான்கு குச்சியில் கட்டி மறைப்பு போட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். தேவராஜை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தேன். இன்னொரு தடவை பறவையைப் பிடித்து அளப்போம், என்ன வருகிறதோ அதை எழுதுவோம் என்று சொல்லியிருந்தேன். அவனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். "அதான் நம்ம மாமன்" என்று சொல்லிச் சிரித்தான்.

எட்டு நாற்பதுக்குக் கரைமேல் அவன் தலை தெரிந்தது. நேராக வந்தால் பறவை எழுந்துவிடும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, முட்டை சுட்டுப்போகும். நான் புடவைக்கு வெளியே கையை நீட்டி, வலது பக்கமாகச் சுற்றி வரும்படி காட்டினேன். வலது பக்கம் வெளுத்த மண், பார்க்கக் கல் மாதிரி இருக்கும். மாசி மாதம் அங்கே சவுடு தோண்டியிருந்தார்கள். சித்திரையில் பெய்த ஒரு மழையில் பள்ளம் சேறும் தண்ணீருமாக நிறைந்து, மேலே மட்டும் ஏடு கட்டிக் காய்ந்திருந்தது. யார் பார்த்தாலும் தரை என்றுதான் நினைப்பார்கள்.

அவன் எப்போதும் என் கையைப் பார்த்துத்தான் நடப்பான். பறவை இருக்கிற இடத்தில் நாங்கள் பேசுவதில்லை.

எட்டு நாற்பத்தாறுக்கு ஏடு உடைந்தது. முதலில் இடுப்புவரை போனான். அவனுக்கு நீச்சல் தெரியாது. ஓரத்தைப் பிடித்தான், ஓரம் பெயர்ந்து வந்தது. முதல் தடவை "மாமே" என்று கூப்பிட்டபோது சத்தமாகக்கூட இல்லை. பறவை எழுந்துவிடுமே என்று அப்போதும் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டான். இரண்டாவது தடவையிலிருந்து சத்தம் வந்தது.

நான் எழுந்திருந்தால் பறவை முட்டையை விட்டுப் போயிருக்கும். அந்த வெயிலில் அது திரும்பி வராவிட்டால் நான்கு முட்டையும் வீண். பதினைந்து நாள் அடைகாத்த முட்டைகள். சங்கத்திலிருந்து வருகிறவர் பார்க்க எதுவும் இருக்காது. இதையெல்லாம் அந்த நேரத்தில் ஒரு மனிதன் யோசிக்க வேண்டியிருக்கிறது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நோட்டு மடியில் இருந்தது. அதை இன்று கொண்டுவந்திருக்கிறேன், நீங்களே பார்க்கலாம். எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பெண் பறவை எழுந்தது, ஒரு நிமிஷம் கழித்து ஆண் வந்து உட்கார்ந்தது என்று எழுதியிருக்கும். சத்தம் வந்தபோதெல்லாம் பறவை தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆறாவது தடவைக்குப் பிறகு தூக்கவில்லை. பழகிவிட்டது. நான் கல் இல்லை ஐயா. அவன் கூப்பிட்டது மொத்தம் பதினேழு தடவை. எண்ணுவது என் தொழில், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்பது ஐந்துக்கு மறைப்பிலிருந்து பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து, பறவைக்குத் தெரியாத தூரம் போனபிறகு ஓடினேன். கரைக்கு அப்பால் ரோட்டோரம் இருந்தவர்களிடம் சொன்னேன். கயிறு போட்டுத் தூக்கினார்கள். அப்போது விசாரித்த உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். நான் புடவைக்குள் எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருந்தேன், திரும்பும்போது ஆளைக் காணோம் என்று சொன்னேன். நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகை நடிப்பு இல்லை.

பதினான்காம் தேதி குஞ்சு பொரித்தது. மறுநாள் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டு, பறவையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பதிவை ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து குளிர்காலம் முகாமில் வேலை பார்த்தேன்.

பள்ளத்துக்கு வேலி போடாமல் விட்டதற்காக மண் அள்ளும் மேஸ்திரி அய்யாசாமியைப் பிடித்தார்கள். வேலி இல்லை என்று கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன். உண்மையில் வேலி இல்லை. அவருக்கு ஒரு வருஷம். வெளியே வந்தபிறகு சேக்காட்டுக்கு என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"என்னாலதான் உன் தோஸ்த்து பூட்டான் அண்ணாத்தே. ஜெயில்ல இருந்தப்போ சோறே எறங்கல. நீ ஒரு வார்த்த சொல்ட்டா போதும்."

என் காலைத் தொடக் குனிந்தார். நான் தடுத்து எழுப்பி, "பரவாயில்லை, போனது போகட்டும்" என்றேன். அழுதுகொண்டே போனார். அவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும். என்னால் முடிந்தது அது.

தேவராஜின் மனைவி கன்னியம்மாவுக்கு அவன் வேலை பார்த்த கம்பெனியிலேயே கேன்டீனில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் திதியன்று படையல் போட்டுவிட்டு எனக்கு ஆள் அனுப்புவாள். முதல் இலை எனக்குத்தான். ஆறு வருஷமும் போய்ச் சாப்பிட்டேன். போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பாள். பரிமாறும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி.

"கடேசியா ஒரு வார்த்தகூட சொல்லலியாண்ணா?"

"இல்லைம்மா. நான் திரும்பும்போதே முடிஞ்சிருந்தது."

"கஷ்டப்படாம பூட்டாரு, அதுவே போதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பாள்.

பிறகு ஏன் இன்று வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், அது சரியாக இருக்காது. போன மாதம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பறவையைப் பற்றிப் புதிதாக ஒரு தொகுப்பு போடுகிறார்களாம். நான் அனுப்பிய போட்டோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். கண் வளையம் நல்ல தடிமன், அலகின் அடியில் மஞ்சள். முட்டையிடும் காலத்தில் நாட்டு இனத்துக்குத்தான் அது அப்படி இருக்கும். ஆகவே பதிவை நீக்கிவிட்டோம், வருந்துகிறோம். மொத்தம் நான்கு வரி. ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும் என்கிற மாதிரி நான்கு வரி.

அதை நான் ஒரு மாதம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். டிபன் பாக்ஸோடு ஏரிக்குப் போய் உட்கார்ந்தேன். பறவைகள் கண்ணில் பட்டன, பெயர் சொல்லத் தோன்றவில்லை. ஒரு பதிவுக்காகத் தேவராஜ் போனான் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. பதிவு இல்லை என்றால் அவன் எதற்காகப் போனான்? இந்தக் கேள்வியை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. வசந்தகுமாரிக்கு எதுவும் தெரியாது. அவளைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

நான் அவனைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை, அசையாமல் இருந்தேன், அவ்வளவுதான் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே வருகிற வழியிலும் அப்படித்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள், அங்கே பள்ளம் இருந்தது எனக்கு முன்னாலேயே தெரியுமா என்று.

தெரியும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தனியாக, ஒரு மூங்கில் கழி எடுத்துக்கொண்டு போனேன். பதினோரு அடிக் கழி. அந்த வெளுத்த மண்ணில் மூன்று இடத்தில் குத்தி இறக்கிப் பார்த்தேன். மூன்றிலும் தரை தட்டவில்லை.